கடல் கடக்கும் இலாபம், கரையில் நிற்கும் வழக்கு

(தொழிற்சங்கப் பயிற்சி முகாம் ஒன்றில் வழக்குரைஞர் ஒருவர் ஆற்றிய உரை)



சட்டம் பேச ஒருவனை அழைத்தால் கூட்டம் பாதி கலையும் என்று நண்பர்கள் நகையாடுவதுண்டு. அதிலும் பகலுணவுக்குப் பின்னர்ச் சட்டம் பேசச் சொன்ன முகாம் அமைப்பாளர்களின் துணிவை நான் பாராட்டுகிறேன்! எனவே பிரிவு, உட்பிரிவு என்று எண்களை அடுக்கி உங்களைத் துன்புறுத்தப் போவதில்லை. ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கம்பெனி என்பவர் யார்? அவர் எந்த ஊரில் குடியிருக்கிறார்? அவரால் ஒருவன் கண்ணிழந்தால், காலிழந்தால், உயிரிழந்தால், எந்த ஊர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது?

எளிய வினா போலத் தோன்றுகிறதல்லவா? இந்த வினாவுக்கு விடை தேடி ஒரு நகரத்து மக்கள் நாற்பது ஆண்டுக்காலம் நடந்திருக்கிறார்கள். அவர்களது கதைக்கு வருமுன், இலண்டன் மாநகரில் வாழ்ந்த ஒரு செருப்பு வணிகரின் கதையைச் சொல்லியாக வேண்டும். பொறுத்தருளுங்கள், கதை சிறியது.

ஆரன் சாலமன் என்பது அவர் பெயர். ஒயிட்சாப்பல் பகுதியில் காலணி செய்து விற்றவர். 1892ஆம் ஆண்டில் தம் வணிகத்தை ஒரு கம்பெனியாகப் பதிவு செய்தார். கம்பெனி தொடங்க ஏழு பங்குதாரர் வேண்டும் என்பது அந்நாளையச் சட்டம். மனைவிக்கு ஒரு பங்கு, மக்கள் ஐவருக்கும் ஆளுக்கொரு பங்கு; எஞ்சிய இருபதாயிரத்துச் சொச்சம் பங்குகளும் அவருக்கே! தம் வணிகத்தைத் தாமே தம் கம்பெனிக்கு விற்றார். விலையில் ஒரு பகுதிக்குக் கம்பெனியிடமிருந்து கடன் பத்திரமும் பெற்றுக்கொண்டார். வணிகம் நொடித்தது. சரக்குக் கொடுத்தவர்கள் வந்து நின்றார்கள். இந்தக் கம்பெனி வெறும் திரை, திரைக்குப் பின்னே நிற்பவர் சாலமனே, அவரே கடனைத் தீர்க்க வேண்டும் என்று வழக்காடினர். கீழ் மன்றங்கள் அதனை ஏற்றன. ஆனால், 1897இல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. கம்பெனி வேறு, சாலமன் வேறு; முறைப்படி பதிவாகிவிட்ட கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனியொரு ஆள்; அதன் கடன் அதனுடையதே என்று தீர்ப்பளித்தது. சரக்குக் கொடுத்தவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினர்.

ஒரு செருப்புக் கடைக்காக எழுதப்பட்ட அந்தத் தீர்ப்புதான், தோழர்களே, இன்று உலகமெங்கும் தொழில் நடத்தும் பெருமுதலாளிக் குழுமங்களுக்கெல்லாம் கோட்டைச் சுவர். கம்பெனி ஒரு ஆள் என்றால், அந்த ஆள் இன்னொரு கம்பெனியின் பங்கை வாங்கலாமன்றோ? வாங்கினால், வாங்கியது தாய்க் கம்பெனி, வாங்கப்பட்டது சேய்க் கம்பெனி. தாய் நியூயார்க்கில் இருப்பாள். சேய் போபாலில் இருக்கும். சேய் ஈட்டும் இலாபம் ஆண்டுதோறும் பங்கு ஈவு என்ற பெயரில் தாயின் மடிக்குப் போகும். சேய் ஊரைக் கொளுத்திவிட்டால் மட்டும், அது யார் பிள்ளையோ, எனக்குத் தெரியாது என்பாள் தாய். நம் வீட்டுத் தாய்மார்கள் இப்படிச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை!

போபாலுக்கு வருகிறேன்.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு. யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் நிலவறைத் தொட்டியொன்றில் நீர் புகுந்தது. உள்ளே இருந்தது மெதில் ஐசோசயனேட் என்னும் கொடிய நஞ்சு. தொட்டி கொதித்தது; ஏறத்தாழ 40 டன் நஞ்சு ஆவியாகி, உறங்கிக் கொண்டிருந்த ஊரின்மீது கவிந்தது. அந்தத் தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரம் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. தொழிலாளர்கள் முன்னரே எச்சரிக்கவில்லையா என்று கேட்பீர்கள். எச்சரித்தார்கள். 1981ஆம் ஆண்டு டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி மாண்டபோதே சங்கத்தார் சுவரொட்டி ஒட்டி முழங்கினர். 1982 மே மாதத்தில் அமெரிக்காவிலிருந்தே தாய்க் கம்பெனியின் வல்லுநர் குழு வந்து ஆலையைச் சோதித்து, குறைகளைப் பட்டியலிட்டு அறிக்கை தந்துவிட்டுப் போயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

அந்தப் போபால் ஆலையை நடத்திய இந்தியக் கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்கு 50.9 அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் கையில் இருந்தது. அயல்நாட்டார் பங்கு பொதுவாக நூற்றுக்கு 40ஐத் தாண்டலாகாது என்று 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் விதித்த பின்னரும், விலக்குப் பெற்று வைத்திருந்த பங்கு அது! ஆட்சி வேண்டும் என்றபோது தாயும் சேயும் ஒன்று. அழிவு வந்தபோது?

இந்திய அரசு 1985இல் ஒரு சட்டம் இயற்றியது. பாதிக்கப்பட்டோர் எல்லோர் சார்பிலும் வழக்காடும் உரிமையை அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. பின்பு, சேயை விட்டுத் தாயைத் தேடி, அமெரிக்காவுக்கே போய் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிபதி கீனன் முன் நடந்த வழக்கு அது. அங்கே அரங்கேறிய நாடகத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள்! இந்திய அரசின் சார்பில் எழுந்து, எங்கள் நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு நகராது, இத்தகைய பெருவழக்கை நடத்தும் வசதி அங்கில்லை என்று வாதிட்டனர். எதிரே நின்ற அமெரிக்கக் கம்பெனியோ, ஐயையோ, இந்திய நீதிமன்றங்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள், அவை ஆற்றல் மிக்கவை, சுதந்திரமானவை என்று புகழ் பாடியது! நம் நீதியைப் பழித்தவர்கள் நாம், போற்றியவர்கள் அவர்கள்.

1986 மே 12ஆம் நாள் கீனன் தீர்ப்புரைத்தார். வழக்கை அமெரிக்காவில் நடத்துவது பொருத்தமன்று, இந்தியாவுக்குக் கொண்டு போங்கள் என்றார். இந்தியா தன் நீதியைத் தானே வழங்கிக்கொள்ளும் தகுதி படைத்த நாடு. அதைத் தடுத்து வழக்கை இங்கே இருத்திக்கொண்டால் அது இன்னுமொரு ஏகாதிபத்தியச் செயலாகிவிடும் என்னும் பொருள்பட எழுதினார். ஏகாதிபத்திய எதிர்ப்பு எங்கெங்கோ முழங்கி நாம் கேட்டிருக்கிறோம். அமெரிக்கக் கம்பெனியைக் கரையேற்றும் தீர்ப்பில் அது முழங்கியதைப் போபால் மக்கள்தான் முதன்முதலில் கேட்டிருப்பார்கள்!

நீதிபதியைப் பழிப்பது என் நோக்கமன்று. இந்திய மன்றத்தின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கம்பெனிக்கு நிபந்தனையும் அவர் விதித்தார். சரி, கட்டுப்பட்டார்களா? உரிமையியல் வழக்கில் வந்து நின்றார்கள். குற்ற வழக்கு? கம்பெனியின் தலைவர் ஆண்டர்சன், விபத்து நடந்த சில நாளில் போபாலுக்கு வந்தபோது கைது செய்யப்பட்டார்; அன்றே பிணையில் விடப்பட்டார்; அரசின் விமானத்திலேயே தில்லிக்கு அனுப்பப்பட்டார். பின்னர் அவர் திரும்பவேயில்லை. 1992இல் போபால் நீதிமன்றம் அவரைத் தலைமறைவானவர் என்று அறிவித்தது. 2014இல் அமெரிக்காவில் முதுமையெய்தி இறந்தார். நியூயார்க்கில் போற்றிப் புகழப்பட்ட அதே இந்திய நீதிமன்றம் அழைத்தபோது, தாய்க் கம்பெனியும் வரவில்லை.

இனி இழப்பீடு. 330 கோடி டாலர் வேண்டும் என்று இந்திய அரசு போபால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டது. முதலில் இடைக்கால நிவாரணமாக ஏதேனும் கொடு என்று மாவட்ட நீதிமன்றம் 1987இல் 350 கோடி ரூபாய்க்கு ஆணையிட, உயர் நீதிமன்றம் அதனை 250 கோடியாகக் குறைக்க, அந்த மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே நடந்துகொண்டிருந்தது இடைக்கால நிவாரணம் பற்றிய வாதம் மட்டுமே. சாட்சி விசாரணை இல்லை. யார் குற்றவாளி என்ற முடிவு இல்லை. அந்த நிலையில் 1989 பிப்ரவரியில், 47 கோடி டாலருக்கு உடன்பாடு என்று வழக்கு முழுமையும் முடித்து வைக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மக்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய உரிமையைத்தான் 1985இலேயே அரசு எடுத்துக்கொண்டுவிட்டதே! குற்ற வழக்குகளும் அன்று ஒழிக்கப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்து போராடிய பின்னரே 1991இல் அவை மீண்டும் உயிர் பெற்றன.

47 கோடி டாலர் என்றால் பெருந்தொகை என்று எண்ணிவிட வேண்டாம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 715 கோடி ரூபாய். இழப்பீட்டுக்குரியவர் என்று முடிவில் ஏற்கப்பட்டோர் 5,70,000க்கும் மேற்பட்டோர். வகுத்துப் பாருங்கள்! பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். உச்ச நீதிமன்றத்தின் 2004ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் அதே அளவு இன்னொரு முறை. வாழ்நாள் முழுவதும் மூச்சுத் திணறுவதற்கு விலை அது. 2010இல்தான் அரசுக்கு விழிப்பு வந்தது. சீராய்வும் கடந்த திருத்த மனு ஒன்றைத் தாக்கல் செய்து, மேலும் 7,800 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. 2023 மார்ச் 14ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. முடித்த உடன்பாட்டை முப்பது ஆண்டு கழித்துக் கலைக்க முடியாது என்றனர். தொகை போதாவிட்டால் ஈடு செய்ய வேண்டியது இந்திய அரசே என்று 1991இலேயே சொன்னோமே, பாதிக்கப்பட்டோருக்குக் காப்பீடு எடுக்கச் சொன்னோமே, ஏன் எடுக்கவில்லை என்று அரசையே கடிந்துகொண்டனர். அந்தக் கடிந்துரை நியாயமானது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அயல்நாட்டு முதலாளியை மட்டும் வைதுவிட்டு, தில்லியையும் போபாலையும் ஆண்டவர்களை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது.

குற்ற வழக்கில் முதல் தீர்ப்பு 2010 ஜூன் 7ஆம் நாள் வந்தது. இந்திய அதிகாரிகள் எழுவருக்கு இரண்டாண்டுச் சிறை, உடனே பிணை. நிகழ்ச்சி நடந்து இருபத்தைந்து ஆண்டும் ஆறு மாதமும் கழிந்திருந்தன. ஆலைக்குள் கிடந்த நச்சுக் கழிவில் 337 டன்னை அங்கிருந்து அகற்றியது 2025 ஜனவரியில். அதுவும் நம் அரசின் செலவில்! தாய்க் கம்பெனி 1994இலேயே தன் பங்கை விற்றுவிட்டுப் போயிற்று. அந்தத் தாயையே 2001இல் டவ் என்ற இன்னொரு பெருங்கம்பெனி விழுங்கிற்று. கேட்டால், நாங்கள் வாங்கியது பங்கைத்தான், பழியை அல்லவே என்கிறார்கள்.

1982இல் வந்து போன அந்த வல்லுநர் குழு நினைவிருக்கிறதா? தாய் தன் சேயின் வீட்டுக்குள் நுழைந்து குறை கண்டு எழுதிய சான்று அது. முறையான விசாரணை நடந்திருந்தால் முதற் சான்றாக அதுவே வந்திருக்கும். உடன்பாடு அந்த வாய்ப்பையே புதைத்தது. தில்லியில் ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துவோன் எவ்விதச் சாக்கும் சொல்லாமல் முழுப் பொறுப்பும் ஏற்க வேண்டும் என்று நீதிபதி பகவதியின் வாயிலாகப் புதுநெறி வகுத்ததே, அந்த நெறியும் போபால் மக்களுக்குப் பயன்படாமலே போயிற்று.

இங்கே கதையை நிறுத்தினால், நீதிமன்றம் என்றாலே தாமதம்தானே, ஏழைக்கும் பணக்காரனுக்கும் அது பொதுதானே என்று நீங்கள் எண்ணிக்கொண்டு போய்விடுவீர்கள். அங்கேதான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். தாமதம் பொது, ஆனால் தாமதத்துக்கு விலை பெறும் உரிமை பொதுவன்று! இதோ இன்னொரு வழக்கு.

ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்பது ஆஸ்திரேலியக் கம்பெனி. பிப்பர்வார் என்னுமிடத்தில் நிலக்கரிச் சுரங்கம் அமைத்துத் தர, கோல் இந்தியா என்ற நம் அரசுக் கம்பெனியோடு 1989இல் ஒப்பந்தம் செய்தது. பின்பு தகராறு. நடுவர் மன்றம் கூடி, 2002இல் ஏறத்தாழ நாற்பது இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அதற்குச் சேர வேண்டும் என்றது. தொகையை வசூலிக்கத் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது ஆஸ்திரேலியக் கம்பெனி. தீர்ப்பை உடைக்கக் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது கோல் இந்தியா. வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறி அங்கேயே உறங்கிற்று. இதுவரை நமக்குப் பழகிய கதைதான். நம் ஊரில் வாடகை வழக்குக்கூட இதைவிட நீளும்.

ஆனால் அந்தக் கம்பெனியிடம் போபால் மக்களிடம் இல்லாத ஓர் ஆயுதம் இருந்தது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 1999இல் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை! அந்த உடன்படிக்கையின்படி, ஆஸ்திரேலிய முதலாளி ஒருவர் இந்திய அரசின்மீது நேரடியாகச் சர்வதேச நடுவர் மன்றத்தில் வழக்கிடலாம். இங்குள்ள மன்றங்களின் முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. போட்டார்கள். 2011 நவம்பர் 30ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒன்பது ஆண்டுக்காலம் வழக்கை இழுத்தடித்ததால், உரிமையை நிலைநாட்டிக்கொள்ள உகந்த வழியை இந்தியா தரத் தவறிவிட்டது. ஆகவே இந்திய அரசு பணத்தை வட்டியும் செலவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அந்த “உகந்த வழி” என்ற வாசகம் ஆஸ்திரேலிய உடன்படிக்கையில் இருந்ததா? இல்லை! இந்தியா குவைத்தோடு செய்திருந்த உடன்படிக்கையில் இருந்தது. மற்ற நாட்டாருக்குத் தரும் சலுகையை எங்களுக்கும் தர வேண்டும் என்ற விதியைக் காட்டி, குவைத்தின் விளக்கைக் கடன் வாங்கித் தன் வீட்டில் ஏற்றிக்கொண்டது அந்தக் கம்பெனி.

ஒன்பது ஆண்டு காத்திருந்த கம்பெனிக்குச் சர்வதேசச் சட்டம் கண் திறந்தது. இருபத்தைந்து ஆண்டு காத்திருந்து, முதல் தண்டனையைக் கண்ணால் கண்ட போபால் கைம்பெண்ணுக்கு எந்த உடன்படிக்கை? எந்த நடுவர் மன்றம்? எந்த நாட்டின் வாசகத்தை அவள் கடன் வாங்குவது?

தேநீர் வேளையில் ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: முதலீடு வேண்டாமென்கிறீர்களா ஐயா, ஆலை வந்தால்தானே வேலை வரும் என்று. நல்ல கேள்வி. முதலீடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. உள்ளே வரும் முதலாளிக்கு அரசு ஏமாற்றாது என்ற உறுதி வேண்டும் என்பதும் உண்மையே. முன்தேதியிட்ட வரி ஒன்றை எதிர்த்துக் கெய்ர்ன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி போட்ட வழக்கில், 2020 டிசம்பரில் 120 கோடி டாலர் தரவேண்டும் என்று இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு பாரிஸ் நகரில் இந்திய அரசின் சொத்துகளை முடக்கும் அளவுக்கு அது போயிற்று. இந்தியா அந்த வரிச் சட்டத்தையே மாற்றிக்கொண்டது. வரி சரியா தவறா என்பதில் எனக்கும் என் நண்பர்களுக்குமே கருத்து வேறுபாடு உண்டு. நான் கேட்பது வேறு. இந்த வழி ஒருவழிப் பாதையாக ஏன் இருக்கிறது? கம்பெனி அரசை இழுத்து வரலாம்; அதே கம்பெனியால் நுரையீரல் கெட்டவன் கம்பெனியை அந்த மன்றத்துக்கு இழுத்து வர முடியாது. உரிமை கேட்கும்போது கம்பெனி உலகக் குடிமகன். கடமை கேட்கும்போது ஏதோவொரு நாட்டின் ஏதோவொரு தெருவில் பதிவான சிறு சேய்!

ஒயிட் வழக்கில் அடிபட்ட பிறகு இந்திய அரசு விழித்தது. 2016இல் புதிய முன்மாதிரி உடன்படிக்கை வகுத்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு செய்திருந்த பழைய உடன்படிக்கைகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. முதலில் ஐந்து ஆண்டு இந்திய மன்றங்களில் முயன்று பார்த்துவிட்டு வா என்பது புதிய விதி. பின்பு 2024இல் ஐக்கிய அரபு நாடுகளோடு செய்த உடன்படிக்கையில் அந்த ஐந்து மூன்றாகச் சுருங்கிற்று. இன்னும் எவ்வளவு சுருங்கும் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அப்படியானால் சாலமன் கட்டிய கோட்டைச் சுவரில் விரிசலே இல்லையா? இருக்கிறது. அதை விரித்தவர்களும் தொழிலாளர்களே. கேப் என்னும் ஆங்கிலக் கம்பெனி கல்நார் வணிகம் செய்தது. கல்நார்த் தூள் நுரையீரலில் படிந்து மெல்லக் கொல்லும். அமெரிக்காவின் டெக்சாஸில் அந்தத் தூளால் பாதிக்கப்பட்டோர் அங்கே பெற்ற தீர்ப்பை இலண்டனில் நிறைவேற்ற முயன்று, 1990இல் தோற்றனர். சேய் வேறு, தாய் வேறு என்ற பழைய பாட்டே பாடப்பட்டது. 2000இல் தென்னாப்பிரிக்கத் தொழிலாளர்கள் வென்றனர். அந்நாட்டில் ஏழைகள் வழக்கு நடத்த உதவி கிட்டாது, ஆகவே இலண்டனிலேயே வழக்காடலாம் என்று பிரபுக்கள் சபை கதவைத் திறந்தது. 2012இல் சேய்க் கம்பெனியின் தொழிலாளி ஒருவரின் உடல்நலத்துக்குத் தாய்க் கம்பெனியே நேரடிப் பொறுப்பு என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றின் தோள்மீது ஏறி நின்றவர்கள் ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டு உழவர்கள். சிங்கோலா என்ற ஊரருகே தாமிரச் சுரங்கம். அதை நடத்தியது வேதாந்தா குழுமத்தின் சேய்க் கம்பெனி. சுரங்கக் கழிவு எங்கள் ஆற்றைக் கெடுத்தது, பயிரைக் கெடுத்தது என்று 1,826 பேர் இலண்டனில் வழக்கிட்டனர். 2019 ஏப்ரல் 10ஆம் நாள் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், வழக்கு இங்கேயே நடக்கலாம் என்றது. இறுதித் தீர்ப்பு அன்று. வாயிற்படி கடந்ததற்கான தீர்ப்புதான். பின்னர் 2021 தொடக்கத்தில், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. ஆயினும் வாயிற்படியைக் கடக்க உழவர்களுக்கு உதவிய சான்று எது தெரியுமா? தாய்க் கம்பெனி தானே அச்சிட்டு வெளியிட்ட அறிக்கை! எங்கள் சேய்க் கம்பெனிகள் அனைத்திலும் சுற்றுச்சூழலை நாங்கள் மேற்பார்க்கிறோம், பயிற்சி தருகிறோம், கண்காணிக்கிறோம் என்று பங்குதாரரை மகிழ்விக்கப் பெருமையடித்து எழுதிய வாசகங்களையே நீதிமன்றம் எடுத்து வைத்தது. மேற்பார்த்தது நீயானால் பொறுப்பும் உன்னுடையதாகலாமே என்றது.

வேதாந்தா என்ற பெயர் நமக்குப் புதிதன்று. அதே குழுமத்தின் தாமிர ஆலை தூத்துக்குடியில் இருந்தது. 2018 மே 22இல் அந்த ஆலைக்கெதிராகத் திரண்டவர்கள்மீது தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டதும், மே 28இல் ஆலை மூடப்பட்டதும், மீண்டும் திறக்கக் கோரிய கம்பெனியின் மனுவை 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றம் தள்ளியதும் நீங்கள் அறிந்தவையே. சாம்பியா உழவனுக்கும் தூத்துக்குடி மீனவனுக்கும் மொழியால் உறவில்லை. ஆனால் இருவர் புகாரும் போய்ச் சேரும் தலைமையிடம் ஒன்றே.

சர்வதேச அளவில் இதற்கொரு சட்டம் வேண்டாமா? 2014 ஜூனில் ஐ. நா. மனித உரிமைக் குழுவில் ஈக்வடாரும் தென்னாப்பிரிக்காவும் ஒரு தீர்மானம் கொணர்ந்தன: பன்னாட்டுக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றை உருவாக்குவோம் என்று. ஆதரவு 20, எதிர்ப்பு 14, நடுநிலை 13. அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் எதிர்த்தன, இந்தியா ஆதரித்தது. தீர்மானம் நிறைவேறிற்று. வரைவுகள் பல எழுதப்பட்டன. உடன்படிக்கை இன்னும் பிறக்கவில்லை.

நிற்க. இலண்டன், நியூயார்க் என்று பேசிக்கொண்டே போகிறாரே, நம் ஆலை வாயிலில் நடப்பது என்ன என்று முன்வரிசைத் தோழர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அங்கும் இதே திரைதான்! ஆலை ஒருவருடையது, ஆள் பிடிப்பவர் ஒப்பந்தக்காரர். விரல் போனால் முதலாளி சொல்வார்: அவன் என் ஆள் அல்லன். கோழிக்கோட்டில் கயிறு ஆலையொன்றில் இப்படி ஒப்பந்தக்காரர் வழி வேலை செய்த 29 தொழிலாளரை வெளியே தள்ளியபோது, நீதிபதி கிருஷ்ணய்யர் 1978இல் அந்தத் திரையைக் கிழித்தார். யாருடைய தொழிலுக்காக உழைக்கிறானோ, யார் கையில் அவன் பிழைப்பு இருக்கிறதோ, அவரே உண்மை முதலாளி என்றார். 2001இல் உருக்காலை வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம், ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் தொழிலாளி தானாகவே நிலையாளாகிவிட மாட்டான் என்று கூறி, பெற்றதில் பெரும்பகுதியைப் பின்னிழுத்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடத்துக்குப் பொருந்தியது; 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில் அந்த எண் 50 ஆயிற்று. 49 பேரை வைத்துக்கொண்டு நடத்தும் ஒப்பந்தக்காரர்கள் இனிப் பெருகுவார்கள் என்பதைக் கணக்குத் தெரிந்தவர் எவரும் சொல்லிவிடலாம். ஆயினும் ஒப்பந்தக்காரர் கூலி கொடாமல் ஓடினால் முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டும் என்ற விதி புதிய தொகுப்பிலும் இருக்கிறது. அது எத்தனை சங்கக் கிளைகளுக்குத் தெரியும்?

ஆகவே ஒரு வேலை கொடுத்துவிட்டு நான் அமர்கிறேன். சாம்பியா உழவர்களின் வழக்குரைஞர்கள் செய்ததைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன். உங்கள் கூலிச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? வாயிற்பலகையில் யார் பெயர் இருக்கிறது? உங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி என்று வந்து போனவர் யார் சட்டை அணிந்திருந்தார்? வைப்பு நிதி யார் கணக்கில் கட்டப்படுகிறது? இந்த நான்கு பெயர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு உங்கள் ஆலைக்குத் தாய்க் கம்பெனி எது என்று தேடி, அது ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையை எடுங்கள். இங்கே அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் அதைக் கண்ணால் கண்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்... இருவர். சரி. அடுத்த மாத முகாமுக்கு ஆளுக்கொரு படி கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதைப்பற்றிக் கவலை வேண்டாம். அனைவரும் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக, அவர்கள் எதற்கெல்லாம் பொறுப்பேற்றுக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று படிப்போம்.